விபத்தில்லா ஐந்நூறாவது நாள்

தூயதாரை நகர்நலச் சேவை நிறுவனத்தின் கொடுங்கையூர் கிடங்கில் நானூற்று எண்பத்தேழு நாட்களாக யாருக்கும் அடிபடவில்லை. வாசலில் ஆளுயரப் பலகை வைத்து அதை எழுதியிருந்தார்கள். தினமும் காலை ஐந்தே முக்காலுக்குப் பாதுகாப்பு அலுவலர் தங்கப்பாண்டி ஒரு ஸ்டூலில் ஏறுவார். பழைய எண்ணைக் கழற்றிப் புது எண்ணை மாட்டுவார். இறங்கி இரண்டடி பின்னால் போய் நின்று பார்ப்பார். மகனுடைய மார்க் ஷீட்டைப் பார்க்கும் தகப்பனின் பூரிப்பு அவர் முகத்தில் தெரியும்.

இந்த நாட்களுக்குள் ஒருவருடைய உள்ளங்கையில் குப்பையில் கிடந்த ஊசி ஏறியது. பதிவேட்டில் அது 'சொந்தத் தையல் வேலை' என்று ஏறியது. இன்னொருவரின் பாதத்தின்மேல் லாரிச் சக்கரம் ஏறி இறங்கியதற்குக் 'கால் ஓய்வு' என்று பெயர். இரண்டு பேரை நாய் கடித்தது 'விலங்குகளுடன் சந்திப்பு' ஆனது. இப்படியாக நாட்கள் விபத்தில்லாமல் கழிந்துகொண்டிருந்தன. ஐந்நூறாவது நாளன்று ஆளுக்கொரு பிரஷர் குக்கர் தருவதாக நிறுவனம் அறிவித்திருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு குக்கர்களும் ஸ்டோர் ரூமில் கூரைவரை அடுக்கப்பட்டு ஜன்னல் வழியாகத் தெரிந்தன.

அந்த நானூற்று எண்பத்தேழாவது நாள் காலை, வியாசர்பாடி மார்க்கெட் முனையில் கெங்கம்மாவின் தோள் கிழிந்தது.

கெங்கம்மாவுக்கு வயது நாற்பத்தொன்பது. பதினோரு வருடமாகக் குப்பை லாரியில் வேலை. லாரியின் பின்னால் தொட்டியைத் தானாகத் தூக்கிக் கவிழ்க்கும் இரும்புக் கை ஒன்று உண்டு. அது மூன்று மாதமாக வேலை செய்யவில்லை. டிரைவர் தப்ரேஸ் மூன்று முறை புகார் நோட்டில் எழுதிவிட்டு, நான்காவது முறை எழுதப் போனபோது நோட்டைக் காணவில்லை. ஆகவே பெண்களே தூக்கினார்கள். தொட்டியின் ஒரு கைப்பிடியில் கெங்கம்மா, மறு கைப்பிடியில் கார்குழலி.

கார்குழலியை அந்த வேலைக்குக் கொண்டுவந்ததே கெங்கம்மாதான். புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டபின் இரண்டு பிள்ளைகளோடு எம்.கே.பி. நகரில் நின்றவளை, "வா, என்கூட வண்டி தள்ளு" என்று கூட்டி வந்தாள். ஒன்பது வருடம் இருவரும் ஒரே வண்டி, ஒரே டீ. ஒரு கிளாஸை வாங்கி இரண்டு கிளாஸில் ஊற்றிக் குடிப்பார்கள்.

முந்தின நாள் மழை. தொட்டி முழுக்க நனைந்த இளநீர்க் கூடுகள். "ஒண்ணு, ரெண்டு, தூக்கு" என்று இருவரும் தலைக்குமேல் தூக்கினார்கள். கார்குழலியின் செருப்பு சேற்றில் வழுக்கியது. அவள் கைப்பிடியை விட்டாள். மொத்த எடையும் கெங்கம்மாவின் தூக்கிய வலது கைமேல் இறங்கியது. ஈரத் துணியைக் கிழிக்கிற சத்தம் ஒன்று தோளுக்குள் கேட்டது. வெளியே யாருக்கும் கேட்டிருக்காது.

"எக்கா! இன்னாச்சுக்கா?" என்று ஓடி வந்தாள் கார்குழலி.

"ஒண்ணுமில்ல, நீ வழுக்கிட்டியே, வலிக்குதா?" என்றாள் கெங்கம்மா. பிறகு முகத்தைத் துடைக்கக் கையைத் தூக்கினாள். கை வரவில்லை.

கம்பெனியின் காப்பீட்டில் சேர்ந்த ஒரு மருத்துவமனை உண்டு. அங்கே டாக்டர் ஜெமிமா அவள் கையைப் பிடித்துப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்கினார். "நான் விடப்போறேன், நீங்க மெதுவா இறக்குங்க" என்று சொல்லிவிட்டு விட்டார். கை பொத்தென்று விழுந்தது.

"ரொட்டேட்டர் கஃப் கிழிஞ்சிருக்கும்னு நினைக்கிறேன்மா" என்றார்.

"கப்பா? எங்க வண்டியில நாத்தம் அடிக்குமே, அந்தக் கப்பா டாக்டரம்மா?"

டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு தன் இடது கையைப் பொத்தி வலது உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "தோள்ல பந்து பெருசு, கிண்ணம் சின்னது. பந்து நழுவாம நாலு தசை சுத்திப் புடிச்சிருக்கும், சட்டைக் கையோட பட்டி மாதிரி. அதுல மேல இருக்கிறது அறுந்திருக்கு. ஸ்கேன் எடுத்தா எவ்வளவுன்னு தெரியும். பாதி கிழிசல்னா பயிற்சியிலேயே சரிபண்ணலாம். முழுசா அறுந்திருந்தா தைக்கணும். ஆனா சீக்கிரம் தைக்கணும். நாள் போச்சுன்னா தசைய எலும்போட கட்டுற நாண் உள்ள சுருங்கிக்கும், தசை கொழுப்பா மாறிடும். அப்புறம் என்னாலயும் முடியாது, யாராலயும் முடியாது."

"ஸ்கேன் எப்ப டாக்டரம்மா?"

"உங்க கம்பெனி விபத்து அறிக்கை குடுத்த அன்னைக்கே."

மறுநாள் கெங்கம்மா கழுத்திலிருந்து கட்டிய துணித் தூளியில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு தங்கப்பாண்டியின் அறைக்குப் போனாள். அவர் பார்த்த மாத்திரத்தில் எழுந்து கதவைச் சாத்தினார்.

"முதல்ல அந்தத் தூளியக் கழத்துங்கம்மா. வெளிய இருந்து யாராச்சும் பாத்தா அடிபட்டிருக்குன்னுல்ல நினைப்பாங்க?"

"அடிதான் பட்ருக்கு சார்."

"அது உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். பலகைக்குத் தெரியாதே!" அவர் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரல் குழைந்தது. "பாருங்கம்மா. நான் உங்களுக்கு விரோதி இல்ல. அறிக்கை கண்டிப்பாத் தருவேன். ஆனா இன்னைக்கு எழுதினா நாளைக்குப் பலகையில முட்டை. நானூத்தி எண்பத்தேழு நாள் உழைப்பும் பாழ். இருநூத்திப் பன்னெண்டு குடும்பத்துக் குக்கரும் போச்சு. இன்னும் பன்னெண்டே நாள். உங்க விபத்த மட்டும் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கிடுங்க."

"நேத்து நடந்தத எப்படி சார் தள்ளிப் போடறது?"

"ஐந்நூத்தி ஒண்ணாம் நாள் காலையில நடந்ததா வச்சிக்கிடலாம். நானே நேரம் போட்டுத் தாரேன். ஆறரை மணி சரியா இருக்குமா?"

கெங்கம்மா தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்குப் போனதும் புருஷன் வரதன் குதித்தான். "இன்னாடி இது, தீபாவளியா தள்ளி வெக்க? நாளிக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போலாம் வா." ஆனால் அதற்குள் கிடங்கு முழுக்கச் செய்தி பரவிவிட்டிருந்தது. குக்கருக்காகப் பதினைந்து பேர் வந்து நலம் விசாரித்தார்கள். கடைசியாகக் கார்குழலி வந்தாள்.

"எக்கா, பன்னெண்டு நாளுதானே. அப்பால பேப்பர் வந்துரும். நான் கூட இருந்தவ, எங்க வந்து வேணா சொல்றேன். என் புள்ளைங்க மேல ஆணை."

அந்த ஆணைக்காகத்தான் கெங்கம்மா ஒப்புக்கொண்டாள்.

பன்னிரண்டு நாளும் அவளுக்கு லேசான வேலை தந்தார்கள். இடது கையால் பெருக்கினாள், இடது கையால் சோறு தின்றாள். ரவிக்கைக் கொக்கியை வரதன் மாட்டிவிட்டான். ஒன்றை விட்டு ஒன்றை மாட்டினான். இரவில் வலது பக்கம் புரண்டால் உயிர் போனது.

ஐந்நூறாவது நாள் வந்தது. பந்தல், வாழைமரம், செண்டை மேளம். மண்டல மேலாளர் எழிலன் காரில் வந்து இறங்கினார். அவர் பாதுகாப்புக்கு முன்னுதாரணமாக ஹெல்மெட் அணிந்தே மேடையேறினார்.

"தோழர்களே! விபத்து என்பது என்ன?" என்று கேட்டுவிட்டுச் சற்று நிறுத்தினார். "அது ஒரு மனநிலை. நம் மேல் நம்பிக்கை இல்லாதவர்களுக்குத்தான் அடிபடுகிறது. ஐந்நூறு நாட்களுக்குமுன் நாங்கள் கையுறை வாங்கலாமா, பலகை வாங்கலாமா என்று ஆலோசித்தோம். பலகை என்று முடிவெடுத்தோம். அது எவ்வளவு சரி என்பதற்கு நீங்களே சாட்சி!"

கைதட்டல் எழுந்தது. கெங்கம்மா ஒரு கையால் தொடையில் தட்டினாள்.

அடுத்து உறுதிமொழி. எல்லோரும் வலது கையை முன்னால் நீட்டிச் சொல்ல வேண்டும். போட்டோகிராபர் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டிய படத்துக்காகக் காத்திருந்தார். முன்வரிசையில் கெங்கம்மாவின் கை மட்டும் தொங்கியது. தங்கப்பாண்டி பதறிப்போய்க் கண்ணைக் காட்டினார். பின்வரிசையிலிருந்த கார்குழலி குனிந்து, கெங்கம்மாவின் முழங்கைக்குக் கீழே தன் கையைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்தாள்.

"கொஞ்ச நேரம்க்கா. பல்லக் கடிச்சிகினு நில்லு."

கெங்கம்மா பல்லைக் கடித்தாள். படத்தில் அது சிரிப்பு மாதிரியே விழுந்தது. உறுதிமொழி நீளமானது. அதன் கடைசி வரி, 'சக தொழிலாளியின் உடலை என் உடலாகக் காப்பேன்' என்பது.

எல்லோருக்கும் குக்கர் கிடைத்தது. ஒற்றைக் கையால் பிடிக்க முடியாததால் கெங்கம்மாவின் குக்கரையும் கார்குழலியே வீடுவரை தூக்கி வந்தாள்.

ஐந்நூற்று ஒன்றாம் நாள் காலை ஆறரைக்குக் கெங்கம்மா தங்கப்பாண்டியின் அறையில் நின்றாள். அவர் படிவத்தை எடுத்தார். மருத்துவமனைச் சீட்டை வாங்கிப் பார்த்தார். முகம் மாறியது.

"என்னம்மா இது! இந்தச் சீட்டுல பதினாலு நாளைக்கு முந்தின தேதி இருக்கு. விபத்தே இன்னைக்குத்தான்னா, அதுக்கு முன்னாடியே வைத்தியம் பாத்திருக்கீங்களே?"

"நீங்கதானே சார் தள்ளிப் போடச் சொன்னீங்க."

"அப்ப அன்னைக்கே நடந்ததுன்னு சொல்லுதீங்களா? அப்படின்னா நாப்பத்தெட்டு மணி நேரத்துக்குள்ள தகவல் தரணும்னு விதி இருக்கு. ஏன் தரல?"

"தந்தேனே சார், இதே ரூம்புல."

"எழுத்துல இருக்கா?"

கெங்கம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். அறையில் மேஜையும், தங்கப்பாண்டியும், அவருடைய இரண்டு குக்கரும்தான் இருந்தன.

அவர் பெருந்தன்மையாக விசாரணைக்குப் பரிந்துரைத்தார். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். "விசாரணை முடியிற வரைக்கும் வெளிய எங்கயும் வைத்தியம் பாக்கப்படாது. இப்ப உங்க தோளு ஒரு ஆவணம். யாராச்சும் தைச்சுச் சரிபண்ணிட்டா சாட்சியத்த அழிச்ச மாதிரி ஆயிரும். வேலையே போயிரும், பாத்துக்கிடுங்க. அதுல யாரும் கை வைக்கக் கூடாது."

வரதன் இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "அவன் டபாய்க்கிறான்டி. கெளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"வேல போச்சுன்னா இன்னா பண்றது? கொஞ்சம் பொறு. குழலி கீறா. அவ வந்து ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சிது."

முதல் விசாரணைக்கு அறையில் மேஜை இல்லாததால் ஒத்திவைத்தார்கள். இரண்டாவது விசாரணைக்கு மேஜை இருந்தது, குறிப்பேடு இல்லை. மூன்றாவதன்போது எழிலன், தொழிலாளர் தோள்நலம் பற்றிய மூன்று நாள் கருத்தரங்கில் பேச ஏற்காட்டுக்குப் போயிருந்தார். இதற்குள் மழைக்காலம் வந்து, போய், பொங்கலும் முடிந்தது. கெங்கம்மாவின் தோள் வலியைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, அதற்குப் பதிலாகப் பலத்தையும் விட்டுவிட்டிருந்தது. தோள்பட்டைக்குப் பின்னால் சதை வற்றிப் பள்ளம் விழுந்தது. கார்குழலியை மேற்பார்வையாளராக்கப் போவதாகக் கிடங்கில் பேச்சு அடிபட்டது. கெங்கம்மாவுக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. மேற்பார்வையாளர் சொன்னால் சாட்சிக்கு இன்னும் எடை கூடும் என்று வரதனிடம் சொன்னாள்.

நான்காவது விசாரணை நடந்தே விட்டது. நடுவில் எழிலன், வலப்பக்கம் தங்கப்பாண்டி, குழுவுக்கு மூன்று பேர் வேண்டும் என்பதால் இடப்பக்கம் ஒருவர். அவர் கடைசிவரை பிஸ்கட் தின்றார்.

"அம்மா, நான் எப்போதும் தொழிலாளி பக்கம்" என்று தொடங்கினார் எழிலன். "அதனால்தான் ஒரு தொழிலாளிக்கு அடிபட்டது என்று ஒப்புக்கொள்ள என் மனம் இடம் கொடுக்க மாட்டேன் என்கிறது. எங்கே, கையைத் தூக்குங்கள்."

கெங்கம்மா முயன்றாள். தோள் காதை நோக்கி ஏறியது, கை இடுப்பைத் தாண்டவில்லை. தங்கப்பாண்டி எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துத் தூக்கி விட்டார். கை பொத்தென்று விழுந்தது.

"இறக்க முடிகிறதே! நல்ல வேகமாகவே இறக்குகிறார்" என்றார் எழிலன். குறிப்பேட்டில் 'கை இறக்கும் திறன் மிக நன்று' என்று எழுதப்பட்டது.

"தொட்டி தூக்கும் இரும்புக் கை கெட்டுப் போனதாகச் சொல்கிறீர்கள். ஆவணப்படி அது கெடவில்லை, ஓய்வில் இருந்தது. போகட்டும். இந்தப் படத்தைப் பாருங்கள்."

ஐந்நூறாவது நாள் உறுதிமொழிப் படம். கெங்கம்மாவின் முகமும் நீட்டிய கையும் பெரிதாகத் தெரிந்தன. முழங்கைக்குக் கீழே படம் வெட்டப்பட்டிருந்தது.

"இது ஐந்நூறாவது நாள். உங்கள் கணக்குப்படி தோள் கிழிந்து பதின்மூன்று நாள் ஆகிவிட்டது. கை நேராக நிற்கிறது, முகத்தில் சிரிப்பு வேறு. கிழிந்த தோளா இது?"

"ஐயோ சார், அது நானா தூக்கல. குழலிதான் கீழ புடிச்சிகினு இருந்துச்சி. அத்தயே கேளுங்க. தொட்டி தூக்கசொல்லயும் அதான் கூட இருந்துச்சி."

கார்குழலியைக் கூப்பிட்டார்கள். நீலநிறக் கோட்டு அணிந்து வந்தாள். மேற்பார்வையாளர் கோட்டு; மடிப்பு இன்னும் கலையவில்லை. கெங்கம்மா அவளைப் பார்த்துத் தைரியமாகத் தலையாட்டினாள்.

"இந்தப் படத்தில் இவருடைய கையை நீங்கள் பிடித்திருந்தீர்களா?" என்று கேட்டார் எழிலன்.

கார்குழலி படத்தைப் பார்த்தாள். பிஸ்கட் கடிபடும் சத்தம் மட்டும் கேட்டது.

"இல்ல சார்."

"தொட்டி தூக்கும்போது இவருக்கு அடிபட்டதைப் பார்த்தீர்களா?"

"இல்ல சார். அக்கா வூட்ல தண்ணி குடம் தூக்கசொல்ல சுளுக்கினதா சொல்லிச்சி."

"குழலி" என்றாள் கெங்கம்மா. கார்குழலி கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றாள். அவள் முகம் கெங்கம்மா பக்கம் திரும்பவேயில்லை. ஒன்பது வருடத்தில் இருவரும் ஒரே அறையில் பேசாமல் நின்றது அதுதான் முதல் தடவை.

தீர்ப்பு ஒரு பக்கம். 'மேற்படித் தோள் ஏற்கெனவே நாற்பத்தொன்பது ஆண்டுகள் பயன்பாட்டில் இருந்துள்ளது. ஆகவே ஏற்பட்டது இயற்கையான தேய்மானம். தோள் பணியாளரின் சொந்த உடைமை என்பதால் பராமரிப்பும் அவரைச் சார்ந்ததே.'

வரதன் அவளைப் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப்போய், மூன்று வாரம் காத்திருந்து ஸ்கேன் எடுத்தான். படத்தை எடுத்துக்கொண்டு டாக்டர் ஜெமிமாவிடமே போனார்கள். அவர் படத்தை வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"எட்டு மாசம் எங்கம்மா போனீங்க?"

கெங்கம்மா ஏற்காடு வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"நாண் நல்லா உள்ள போயிடுச்சு. தசை பாதிக்குமேல கொழுப்பாயிடுச்சு. இப்ப இழுத்துத் தைச்சா நிக்காது, பிச்சுக்கும். மிச்சம் இருக்கிற தசைங்களப் பலப்படுத்துவோம். வலி குறையும், சோறு தின்னலாம், முகம் கழுவலாம். தலைக்குமேல எதையும் தூக்க முடியாது."

"அந்த மொத வாரத்துலயே வந்திருந்தா?" என்றாள் கெங்கம்மா.

டாக்டர் எழுந்து சுவரருகே போனார். சுவரில் விரல்களால் எப்படி ஏறுவது, தடியை இரண்டு கையாலும் பிடித்து எப்படித் தள்ளுவது என்று செய்து காட்டினார்.

மாசி மாதத்தில் ஒரு மதியம், கெங்கம்மா மூன்றாவது மாடி வீட்டில் தலைமுடியை விரித்துப் போட்டுக்கொண்டு, இடது கையில் சீப்போடு உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்திருந்தது. கார்குழலி வந்து நின்றாள். ஒரு கையில் ஹார்லிக்ஸ் பாட்டில், தோளில் கைப்பை.

"எக்கா."

கெங்கம்மா வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கார்குழலி பாட்டிலை வைத்துவிட்டு, பின்னால் வந்து குந்தினாள். சீப்பை வாங்கிக்கொண்டு சிக்கெடுத்தாள்.

"நான் இன்னாக்கா பண்ணுவேன். சின்னது காலேஜுக்குப் போவுது. சொன்னா கோட்டக் கழட்டிட்டு வூட்டுக்குப் போன்னு சொன்னாங்கோ."

"தொட்டி தூக்கசொல்ல அந்தப் பக்கம் யாருடி இருந்தா?"

சீப்பு நின்றது. கார்குழலி திறந்த கதவைப் பார்த்தாள். குரலை இறக்கினாள். "நான்தான்க்கா."

"போட்டோல?"

"நான்தான்."

"சத்தமா சொல்லு."

அவள் சத்தமாகச் சொல்லவில்லை. மூன்றாகப் பிரித்து ஒழுங்காகப் பின்னி முடித்தாள். முடித்த பிறகு கைப்பையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்தாள்.

"எக்கா, தப்பா நெனச்சிக்காத. 'எனக்கு நிறுவனத்தின் மீது எந்தப் புகாரும் இல்லை'ன்னு சொம்மா ஒரு கையெழுத்து. ஆபீஸ்ல வாங்கியாரச் சொன்னாங்கோ."

கெங்கம்மா அவளைத் திரும்பிப் பார்த்தாள். ஹார்லிக்ஸையும் பார்த்தாள். "பேனா குடு" என்றாள்.

இடது கையால் வெகுநேரம் எழுதினாள். எழுத்துக்கள் கோணிக்கொண்டு, அச்சடித்த வரிகளின் மேலேயே ஏறி உட்கார்ந்தன. 'தொட்டி தூக்கும்போது கிழிந்தது. அந்தப் பக்கம் பிடித்தவள் கார்குழலி.' கீழே பெயரையும் போட்டாள்.

"இந்தா. கொண்டும்போய் உங்க சார் கையில குடு."

கார்குழலி படித்தாள். காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, படியிறங்கினாள். கெங்கம்மா வராந்தாவுக்கு வந்து கீழே பார்த்தாள்.

குடியிருப்பின் வாசலில் பச்சைத் தொட்டியும் நீலத் தொட்டியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. கார்குழலி அங்கே நின்று, பையிலிருந்து காகிதத்தை எடுத்து, இன்னொரு முறை படித்தாள். நாலாகக் கிழித்தாள். பச்சைத் தொட்டியின் மூடியைத் திறந்தவள் சட்டென்று நிறுத்தி, அதை மூடிவிட்டு, நீலத் தொட்டியைத் திறந்து போட்டாள்.

காய்ந்த காகிதம் நீலத் தொட்டிக்குத்தான் போக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் கெங்கம்மா.